இடுப்புக்கு ஒரு மெடிக்கல்

பல்லேகலையில் கிரிக்கெட் மெட்ச். கையில் டிக்கெட். கந்தோரில் லீவு தரமாட்டோம் என்றுவிட்டார்கள். ஆகவே இடுப்புப் பிடித்துக்கொள்ள வேண்டியதுதான் என்று தீர்மானித்தேன்.

இப்போதெல்லாம் போனிலேயே டொக்டரைச் செனல் பண்ணி, வீடியோவிலேயே வருத்தத்தைக் காட்டலாம். லீவுக்கான மெடிக்கல் துண்டும் போனுக்கே வந்துவிடும். நடிப்பு மட்டும் நம்முடையது. என் மனைவி யசோதாவைப் போனைப் பிடிக்கச் சொன்னேன். இத்தனை வருடம் என்னையே தாங்கியவள், ஒரு போனைத் தாங்கமாட்டாளா?

"எப்ப வலி கூட?" என்று கேட்டார் டொக்டர்.

"கந்தோர்ல உட்கார்ந்தா டொக்டர். ஐயோ!"

யசோதா இடையில் புகுந்தாள். "எங்க உட்கார்ந்தாலும்தான் டொக்டர். டீவி முன்னால உட்கார்ந்தா எழும்பவே முடியாது. வீட்டுக்குள்ள நடந்து வேலை செஞ்சா வலியே இல்ல. என்னங்க, அப்படித்தானே?"

என் பொய்க்கு இவளும் முட்டுக் கொடுக்கிறாளே என்று உருகிப்போய்த் தலையாட்டினேன்.

"அப்ப உட்காரவே வேணாம். பஸ் பயணம் கூடவே கூடாது. வீட்டுல சின்னச் சின்ன வேலை செய்ங்க."

மெடிக்கல் வந்தது. கந்தோருக்குப் போனது. மெட்ச் அன்று காலை, காலில் சப்பாத்தை மாட்டினேன்.

"எங்க கிளம்பிட்டீங்க? பஸ்ல போகக்கூடாதுன்னு டொக்டர் சொன்னாரே?"

"அடியே, அது நடிப்புடி!"

"எனக்குத் தெரியும். கந்தோருக்குத் தெரிஞ்சா? கெமராக்காரன் கூட்டத்தைத்தான் சுத்திச் சுத்திக் காட்டுறான்."

நியாயம்தான். "டிக்கெட் வீணாப் போகுதே!"

"அதுக்குத்தானே நான் இருக்கேன்." என் தொப்பி ஏற்கனவே அவள் தலையில் இருந்தது.

ஒட்டடை அடித்தேன். அலுமாரியை நகர்த்திக் கூட்டினேன். நடுவில் டீவியை எட்டிப் பார்த்தால், சிக்ஸருக்குத் துள்ளிக் குதிப்பது யசோதா! கல்யாணமான புதிதில்கூட அவள் இப்படித் துள்ளியதில்லை. கோபம் வரவில்லை. அவ்வளவு அழகாக இருந்தாள்.

சற்று நேரத்தில் அவளே எனக்குப் போன் எடுத்தாள். "என்னங்க, உங்க கந்தோர்ப் பெரியவரு எனக்குப் பின் வரிசையிலதான் இருக்காரு!"

எனக்கு நிஜமாகவே இடுப்புப் பிடித்தது.

"பாவம், ரொம்ப அக்கறையா விசாரிச்சாரு. இன்னும் ரெண்டு நாள் லீவு எடுத்துக்கச் சொன்னாரு."

ரெண்டு நாள்! டீவி! கட்டில்! என் தங்கமே என்று கொஞ்ச வாயெடுத்தேன்.

"நான்தான் வேணாம் சேர்னு சொல்லிட்டேன். வீட்டு வேலையெல்லாம் இன்னைக்கே முடிஞ்சிரும், நாளைக்கு அனுப்பி வைக்கிறேன்னு."