சொல்தா நடத்திய வளைகாப்பு ஒத்திகை

புதுச்சேரியில் தன் சாவுக்கே ஒத்திகை பார்த்த ஒரே மனிதர் எங்கள் தெரு சொல்தாதான்.

பிரெஞ்சுப் பட்டாளத்தில் வேலை பார்த்துவிட்டுப் பென்ஷனோடு ஊர் திரும்பியவர்களை நாங்கள் சொல்தா என்போம். இவருக்கென்று ஒரு பெயர் இருந்திருக்கும். கேஸ் சிலிண்டர் கொண்டு வருகிறவருக்குக்கூட அது தெரியாது. ஒரு தடவை செய்து பார்க்காமல் எந்தக் காரியத்தையும் செய்ய மாட்டார். சென்னையில் விமானம் ஏற வேண்டுமென்றால் முதல் நாளே பெட்டியோடு விமான நிலைய வாசல் வரை போய்த் திரும்பி வருவார். அந்தக் களைப்பில் தூங்கிப்போய், நிஜ விமானத்தை ரெண்டு தடவை கோட்டை விட்டிருக்கிறார்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை தன் இறுதி ஊர்வலத்தை வைத்துப் பார்த்தார். பாடையில் அவர் கண்ணை மூடிப் படுத்துக்கொள்ள, நான் உட்பட நாலு பேர் தூக்கினோம். டீக்கடைக்காரர் மரியாதையாக ஷட்டரை இறக்கினார். முனை திரும்பும்போது சொல்தா சடாரென்று எழுந்து உட்கார்ந்து, பிரெஞ்சும் தமிழுமாக அதட்டினார்.

"அலே, அலே! எடது பக்கம் சாயுது பாரு. இவன் குட்டையா இருக்கான், ஆளை மாத்து!"

அந்தக் குட்டை நான். டீக்கடை மூன்று நாள் திறக்கவில்லை. காய்ச்சல் என்றார்கள்.

இப்பேர்ப்பட்டவரிடம்தான் என் குடும்பப் பிரச்சினையைக் கொண்டு போனேன்.

என் மனைவி செல்விக்கு அப்போது ஏழாவது மாசம். ரெண்டாவது பிள்ளை. எனக்கு வயது நாற்பத்தாறு. டாக்டரம்மா என்னைத் தாத்தா என்று நினைத்ததை நான் பெரிதுபடுத்தவில்லை. மூத்தவன் வயிற்றில் இருந்தபோது ஊரடங்கு. வளையல் கடை முதல் சொந்தபந்தம் வரை எல்லாம் பூட்டு. செல்வியின் அம்மா வீடியோ காலில் வளையலைக் காட்ட, இவள் வெறுங்கையை போனுக்கு முன்னால் நீட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். நெட்வொர்க் போய்விட்டது. அவளுக்கு நடந்த வளைகாப்பு அவ்வளவுதான். இந்தத் தடவையாவது கை நிறையப் போட்டுக்கொள்ள வேண்டும் என்று ஆசை.

வீராம்பட்டினத்தில் இருக்கும் என் அத்தையிடம் கேட்டேன். அவள் வந்தால்தான் சொந்தத்தில் மற்ற பெண்கள் வருவார்கள்.

"ரெண்டாவது புள்ளைக்கு எவடா வளைகாப்பு போடுவா? நம்ம வழக்கத்துலயே கெடையாது. ஊரு சிரிக்காது?"

"ஊரு என்னைப் பாத்து எப்பவும் சிரிக்கிதுதான அத்தை?"

"அது உன் மூஞ்சிக்கு. இது வேற."

விஷயத்தைச் சொன்னதும் செல்வி, "பரவால்ல உடுங்க" என்றாள். சொல்லிவிட்டு, கழுவின குக்கரையே மறுபடி மறுபடி கழுவிக்கொண்டிருந்தாள். அந்தச் சத்தம் தாங்காமல்தான் சொல்தா வீட்டுக்குப் போனேன்.

முழுக்கக் கேட்டுவிட்டு மீசையைத் தடவினார். "ஃபங்ஷன் பண்ணத்தான வழக்கம் இல்ல? ரிகர்சல் பண்ணக் கூடாதுன்னு எங்கியாவது வழக்கம் இருக்கா?"

"அப்படி யாரும் சொன்னதில்ல..."

"அப்புறம் என்னா? வர்ற வெள்ளிக்கிழமை ரிகர்சல். பத்து மணி ஷார்ப்!"

அத்தைக்கும் அவரே போன் போட்டார். "ஃபங்ஷன் இல்லம்மா, வெறும் ரிகர்சல். சும்மா பாத்துட்டுப் போங்க." இந்தக் கூத்தைப் பார்ப்பதற்கென்றே அத்தை ஆறு பெண்களோடு ஆட்டோவில் வந்து இறங்கினாள்.

வாசலில் ஷாமியானா. அறுபது நாற்காலி. அஞ்சு வகை சாதம். கழுத்தில் விசிலோடு சொல்தா.

"புள்ளத்தாச்சிய ரிகர்சல்ல அலைய உடக் கூடாது. டம்மி வேணும்" என்று கூட்டத்தை ஒரு சுற்றுப் பார்த்தார். பார்வை என் தொப்பையில் வந்து நின்றது. செல்வியைவிட எனக்கு ரெண்டு மாசம் கூட இருக்கும்.

மாலை போட்டு உட்கார வைத்தார்கள். கன்னத்தில் சந்தனம். எட்டிப் பார்த்த எங்கள் கம்பெனி மேனேஜர், "எத்தினி மாசம்பா?" என்று கேட்டுவிட்டு, பதிலுக்கு நிற்காமல் போய்விட்டார்.

முதலில் வேப்பிலைக் காப்பு கட்ட வேண்டும். சொல்தா என் கையில் கறிவேப்பிலையைச் சுற்றினார். அத்தை பல்லைக் கடித்தாள். வளையல் ஒற்றைப்படையில் போட வேண்டும். அவர் என் மணிக்கட்டில் சோப்பு நுரை தடவி, ஒரே நிமிடத்தில் பன்னிரண்டை ஏற்றினார். அத்தை நாற்காலியைக் கெட்டியாகப் பிடித்துக்கொண்டாள். பிறகு விசில் ஊதி, என்னை நாற்காலியோடு தெற்குப் பக்கம் திருப்பினார்.

அத்தை எழுந்துவிட்டாள்.

"யோவ் சொல்தா! புள்ளத்தாச்சிய தெக்கப் பாத்து ஒக்கார வப்பியா? கறிவேப்பிலைய வேற கட்டிக்கினு... ரசமாய்யா வக்கிற?"

"ரிகர்சல்தானம்மா..."

"ரிகர்சல்னா கண்ட மாதிரி பண்ணுவியா? எழுந்திருடா எருமை! செல்வி, வாடி இங்க. கெழக்கப் பாத்து ஒக்காரு. ஏண்டி, யாராச்சும் போயி வேப்பிலை ஒடிச்சிக்கினு வாங்கடி!"

அடுத்த அரை மணி நேரத்தில் எல்லாம் முறைப்படி நடந்தது. அத்தை முதல் வளையலைப் போட்டாள். மற்ற பெண்கள் வரிசையில் வந்தார்கள். செல்வியின் ரெண்டு கையும் முழங்கை வரை நிறைந்துவிட்டது. அவள் சும்மா சும்மா கையை ஆட்டிச் சத்தம் கேட்டுக்கொண்டிருந்தாள்.

புளியோதரையை வாயில் போட்டபடி அத்தை கேட்டாள்: "ஏன்யா, மெயின் ஃபங்ஷன் என்னைக்கு?"

"ரெண்டாவது புள்ளைக்கா?" என்றார் சொல்தா. "நம்ம வழக்கத்துல கெடையாதேம்மா."

அத்தைக்குப் புரை ஏறிவிட்டது.

சொல்தா பெண்சாதியைப் பறிகொடுத்தவர், பிள்ளைகளும் இல்லை. நல்ல காரியத்தில் தன் கை படக் கூடாது என்று அவராகவே தண்ணீர் கேன் பக்கம் போய் நின்றிருந்தார். செல்வி அவரைக் கூப்பிட்டு, "நீங்களும் ஒண்ணு போடுங்க" என்று கையை நீட்டினாள். அவர் பதறிப்போய் அத்தையைப் பார்த்தார்.

அத்தை சாதத்திலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்: "ரிகர்சல்தான? போடு."

என் கையில் அவ்வளவு வேகமாக ஏற்றிய மனுஷனுக்கு அந்த ஒரு வளையலை ஏற்ற அஞ்சு நிமிடம் ஆனது. எங்கே கீறிவிடுமோ என்று நூல் நூலாகத் தள்ளினார். நாங்கள் யாரும் அவரை அவசரப்படுத்தவில்லை.