கோழித்துறைக் கேப்டன்

"சரி, போலாம்" என்றாள் டோரீன்.

இரண்டே சொல். ஆனால் வெண்டலின் கையிலிருந்த ரொட்டித் துண்டு, வேர்க்கடலை வெண்ணெய் தடவிய பக்கம் கீழாக, அவருடைய வெள்ளைக் கால்சட்டையின் மேல் போய் உட்கார்ந்தது.

"எங்க போலாம்?"

"எங்கேன்னா? தெற்கே! கிரெனடா தீவு வரைக்கும். நீதானே ஒன்பது குளிர்காலமா சொல்லிக்கிட்டிருக்கே? வியாழக்கிழமை கிளம்பலாம்."

ஓஹாயோவில் முதல் பனி விழுந்ததும் வெண்டலும் டோரீனும் வீட்டைப் பூட்டிக்கொண்டு புளோரிடாவுக்கு வந்து, அங்கே கட்டியிருக்கும் தங்கள் பாய்மரப் படகில் ஏறுவார்கள். பஹாமாஸ் தீவுகளை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு ஜார்ஜ் டவுன் துறைக்கு வருவார்கள். நங்கூரம் போடுவார்கள். அவ்வளவுதான் பயணம். அந்தப் பாய்மரப் படகு அதற்குமேல் பாய மறந்த படகு. ஒரு ஏப்ரலில் நங்கூரத்தை மேலே இழுத்தபோது அதில் ஒரு நண்டுக் குடும்பம் பேரன் பேத்தி எடுத்துக் குடியிருந்தது. இறங்கச் சொன்னால் கொடுக்கைத் தூக்கிக்கொண்டு சண்டைக்கு வந்தது.

ஜார்ஜ் டவுனுக்கு அப்பால் தீவுகளின் மறைப்புக் கிடையாது. திறந்த கடல். அதை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டு, "இதுவே போதும்" என்று இங்கேயே நின்றுவிடும் படகுகள் முந்நூறு. பயந்தவனைக் கோழி என்பது அமெரிக்க வழக்கம். அதனால் இந்தத் துறைக்குக் கோழித்துறை என்றே பெயர் விழுந்துவிட்டது. ஆனால் விசாரித்துப் பாருங்கள், முந்நூறு படகில் ஒரு கோழிகூட அகப்படாது. ஒருவருக்கு மூட்டுவலி. ஒருவருக்குப் பேத்தி கல்யாணம். இன்னொருவருக்குக் கடைவாய்ப் பல். ஆளுக்கு ஒரு காரணம். வெண்டலின் காரணத்துக்கு டோரீன் என்று பெயர்.

"நான் எப்பவோ கிரெனடா போயிருப்பேன்" என்பார், மாலையில் கடற்கரையில் ரம் கோப்பையும் கையுமாக. "டோரீனுக்குத்தான் பயம். ஒரு சின்ன அலை வந்தாப் போதும், என் கையைப் பிடிச்சுக்குவா. பாவம், அவளை விட்டுட்டாப் போக முடியும்?"

டோரீனோ இருபத்தேழு வருஷம் பள்ளிக்கூடப் பேருந்து ஓட்டியவள். பனி வழுக்கும் சரிவில், அறுபது வானரங்களை முதுகுக்குப் பின்னால் ஏற்றிக்கொண்டு. பயம் அவளைக் கண்டால் ஓரமாக ஒதுங்கி வழிவிடும். வெண்டல் முப்பத்தோரு வருஷம் டிரைவிங் லைசென்ஸ் தேர்வு அதிகாரி. பக்கத்து இருக்கையில் சாய்ந்துகொண்டு ஓட்டுகிறவர்களை ஃபெயிலாக்கியவர். அந்த நினைப்பில்தான் படகுக்கு 'அனுமதி' என்று பெயர் வைத்தார். அனுமதியில் ஒரு ஆணி அடிப்பதற்குக்கூட டோரீனின் அனுமதி வேண்டும் என்பதைப் படகு வாங்கிய பிறகுதான் கண்டுகொண்டார்.

"திடீர்னு என்ன வந்துச்சு உனக்கு?" என்றார் இப்போது.

"நேத்து புதுசா வந்த படகுக்காரி ஒருத்தி என் கையைத் தடவிக் கொடுத்தா வெண்டல். 'பயப்படாதீங்க, கண்ணை மூடிக்கிட்டு ஒண்ணு ரெண்டு எண்ணுங்க, கடல் ஒண்ணும் பண்ணாது'ன்னா. என்கிட்ட!"

"அவளுக்கு யாரு அப்படிச் சொன்னாங்களாம்?"

"அதான் நானும் யோசிக்கிறேன். யாரா இருக்கும்?"

வெண்டல் வேர்க்கடலை வெண்ணெயைக் கால்சட்டையில் மும்முரமாகத் தேய்க்க ஆரம்பித்தார்.

அதற்குள் மணி எட்டு. எட்டு மணிக்குத் துறையிலுள்ள அத்தனை படகும் ரேடியோவில் கூடும். யார் வந்தார்கள், யார் போகிறார்கள், யாருடைய மூக்குக்கண்ணாடி மணலில் கிடக்கிறது, எல்லாம் அதில்தான்.

"புறப்படுறவங்க யாராவது இருக்கீங்களா?" என்றது ரேடியோ.

வெண்டல் எழுந்து நிற்பதற்குள் மைக் டோரீனின் கையில்.

"அனுமதி பேசறேன். வியாழக்கிழமை காலையில நாங்க தெற்கே கிளம்பறோம். எங்க வீட்டுக்காரர் ஒன்பது வருஷமா எனக்காகப் பொறுத்துக்கிட்டார். இனிமே அவரைத் தடுக்கிற பாவம் எனக்கு வேண்டாம்."

நாலா பக்கமும் வாழ்த்து. "சபாஷ் வெண்டல்!" "கேப்டன்னா நீதான்யா கேப்டன்!" "கிரெனடாவுலேர்ந்து ஜாதிக்காய் வாங்கிட்டு வா!"

வெண்டல் கணக்குப் போட்டுப் பார்த்தார். இனிப் போகாவிட்டால் முந்நூறு படகில் ஒரே ஒரு கோழி இருக்கும். அது எந்தப் படகில் என்று பச்சைக் குழந்தைகூடச் சொல்லும். போனாலோ, திறந்த கடல். அவர் வயிறு இப்போதே திறந்துகொள்ளப் பார்த்தது.

அன்று முழுக்க வானிலை அறிக்கையைக் கையில் வைத்துக்கொண்டு உலாத்தினார்.

"காத்து சரியில்ல டோரீன்."

"காத்தே இல்லையே வெண்டல்."

"அதைத்தான் சரியில்லங்கறேன்."

"வியாழக்கிழமை நல்லா அடிக்கும்."

"பாத்தியா? அடிக்கும்னு நீயே சொல்றே!"

"தொட்டில் ஆட்டற அளவுக்கு அடிக்கும். போய்ப் பாத்திரத்தைத் துடை."

செவ்வாய்க்கிழமை காலையில் டோரீன் ரப்பர் படகை எடுத்துக்கொண்டு கடற்கரைக்கு வாலிபால் ஆடப் போனாள். வெண்டல் தனியாக உட்கார்ந்து மூளையைக் கசக்கினார். காற்று கைவிட்டது. இன்ஜின் கைகொடுக்காதா?

பக்கத்துப் படகு 'ஆமை'. அதில் இருப்பவர் ஒன்டாரியோக்காரர் ஹார்லன், நாற்பது வருஷம் மெக்கானிக்காக இருந்தவர். அவர் ஒரு இன்ஜினைப் பார்த்துத் தலையை ஆட்டினால், நல்ல இன்ஜின்கூட நம்பி நின்றுவிடும். ஆனால் அவரிடம் போவதெப்படி? ரப்பர் படகு டோரீனிடம். நீந்தலாமென்றால் படகுக்கடியில் ஒரு பெரிய திருக்கை மீன் படுத்திருந்தது. அதற்கு வெண்டலைப் பிடிக்காது. மிச்சம் ரேடியோதான்.

கோழித்துறையில் ரேடியோவைவிட்டால் வேறு பொழுதுபோக்கு இல்லை. ஒருவர் இன்னொருவரைக் கூப்பிட்டு வேறு சேனலுக்கு வரச் சொன்னால், துறையே காதைத் தீட்டிக்கொண்டு பின்னாலேயே போகும். வெண்டலும் நாள் தவறாமல் போகிறவர்தான். யாருக்கு மலச்சிக்கல், யார் மருமகள் பேசுவதில்லை என்பதெல்லாம் அவருக்கு அத்துப்படி. அதனால் இன்று உஷாராக இருந்தார். சேனல் எண்ணைச் சொல்லவே இல்லை.

"ஆமை, ஆமை, அனுமதி பேசறேன். அறுபதோட உன் பேரப்பிள்ளைங்க எத்தனையோ, அத்தனையைக் கூட்டு. அங்க வா."

சொல்லிவிட்டுத் தன் சாமர்த்தியத்தை மெச்சித் தானே சிரித்துக்கொண்டார். ஹார்லனுக்குப் பேரப்பிள்ளைகள் பதினொன்று. தினம் கடற்கரையில் பதினொரு போட்டோவையும் காட்டாமல் அவர் யாரையும் விட்டதில்லை என்பது மட்டும் வெண்டலுக்கு நினைவில்லை. துறை முழுக்க எழுபத்தொன்றுக்குப் போனது. போன மாதம் பிறந்த கடைக்குட்டியை மறந்த சிலர் எழுபதில் போய் நின்று, அங்கே ஈ காக்கை இல்லாததைக் கண்டு, அரக்கப் பரக்க எழுபத்தொன்றுக்கு வந்து சேர்ந்துகொண்டார்கள்.

"என்ன வெண்டல்?"

"நாளைக்கு வந்து என் இன்ஜினைப் பாரு."

"அதுக்கு என்ன?"

"ஒண்ணுமில்ல."

"அப்ப எதுக்குப் பாக்கணும்?"

"பாத்துட்டுத் தலையை ஆட்டணும்."

"எப்படி? மேலயும் கீழயுமா, இப்படியும் அப்படியுமா?"

"எழவு வீட்டுல ஆட்டுவாங்கல்ல, அப்படி. 'தண்ணி பம்ப் போச்சு, புளோரிடாவுலேர்ந்து வரணும், மூணு வாரம் ஆகும்'னு சொல்லு."

"பம்ப் நல்லாத்தானே இருக்கு?"

"தங்கமா இருக்கு."

"அப்ப ஏன்யா... ஓ! ஓஹோ! கேப்டனுக்குக் கால் நடுங்குதா?"

"மெதுவாப் பேசு! நீயும் நானும் ஒரே துறை ஹார்லன். காப்பாத்து."

"ரம் உண்டா?"

"ஒரு பாட்டில்."

"பழசா?"

"பழசுதான்யா! டோரீன்கிட்ட மூச்சு விடாதே."

கடற்கரையில் வாலிபால் நின்றுபோயிருந்தது. மணலில் செருப்புக்குப் பக்கத்தில் ஒரு டஜன் கைரேடியோ; பன்னிரண்டிலும் வெண்டல். அறுபதைத் தாண்டிய அத்தனை பெண்களும் டோரீனைப் பார்த்தார்கள். அவள் பந்தை இடுப்பில் இடுக்கிக்கொண்டு, உதட்டில் விரலை வைத்தாள்.

"யாரும் ஒண்ணும் கேக்கல. சரியா?" என்றாள்.

புதன்கிழமை ஹார்லன் வந்தார். இன்ஜினைப் பார்த்தார். ஆட்டினார் ஒரு ஆட்டு, ஆமையின் தலை கழுத்தைவிட்டுக் கழன்றுவிடும்போல.

"பம்ப் போச்சும்மா. புளோரிடாவுலேர்ந்து வரணும். மூணு வாரம்."

"ஐயையோ!" என்றாள் டோரீன்.

"விதி டோரீன்" என்றார் வெண்டல். "மனசைத் தேத்திக்கோ. நான் தேத்திக்கிட்டேன்."

டோரீன் மனதைத் தேற்றிக்கொள்ளவில்லை. மைக்கை எடுத்தாள். "அனுமதிக்கு ஒரு தண்ணி பம்ப் வேணும். யார்கிட்டயாவது இருக்கா?"

இருந்தது. நல்ல மாலுமி எவனும் உபரி பம்ப் இல்லாமல் வீட்டைவிட்டுக் கிளம்புவதில்லை. பத்து மணிக்குள் அனுமதியைச் சுற்றி ரப்பர் படகுகள் மொய்த்தன. பதினான்கு பம்ப். பித்தளையில், இரும்பில், ஒன்று பிறந்தநாள் காகிதம் சுற்றி, ரிப்பன் கட்டி. இன்னொருவருடைய பம்ப் பழுதானதற்கு மனிதர்கள் ஏன் இவ்வளவு சிரிக்க வேண்டும் என்று வெண்டலுக்கு விளங்கவில்லை. ஹார்லன் வேறு வழியில்லாமல் நல்ல பம்பைக் கழற்றிவிட்டு நல்ல பம்பை மாட்டினார். இன்ஜின் பாட ஆரம்பித்தது.

"ரம் உண்டுல்ல?" என்று காதோடு கேட்டார் ஹார்லன்.

"போய்யா!" என்று குனிந்த வெண்டலுக்கு அந்தக் குனிந்த நிலையிலேயே ஞானம் பிறந்தது. நிமிரவில்லை.

"ஆ! அம்மா! முதுகு! டோரீன், முதுகு போச்சு!"

"அதுக்கும் உபரி இருக்கான்னு ரேடியோவுல கேக்கட்டுமா?"

"விளையாடாதே. உயிர் போகுது."

வாலிபால் கோஷ்டியில் வெர்னா என்று ஒரு ஓய்வுபெற்ற நர்ஸ். டோரீன் அவளை அழைத்து வந்தாள். வெண்டல் படுக்கையில் குப்புறக் கிடந்தார்.

"இங்க வலிக்குதா?"

"ஆமா."

"இங்க?"

"ஐயோ, ஆமா!"

"இங்க?"

"அங்கதான் ரொம்ப!"

"இது தலையணை."

"அது வரைக்கும் வலிக்குது வெர்னா."

வெர்னா முகத்தை இறுக்கிக்கொண்டாள். "மோசமான முதுகு. படுக்கையை விட்டு இறங்கக் கூடாது. மேல ஏறி எட்டிக்கூடப் பாக்கக் கூடாது. வேளைக்கு ரெண்டு மஞ்சள் மாத்திரை."

"முதுகுக்கா?"

"முதுகுக்கும் ஆகும், வயித்துக்கும் ஆகும். கொஞ்சம் தூக்கம் வரும்."

அவள் போனதும் டோரீன் பெருமூச்சு விட்டாள். "அப்ப நாளைக்குப் போக முடியாது. இந்த வருஷமும் போச்சு."

வெண்டல் அவள் கையைப் பிடித்துக்கொண்டார். வெற்றி பெற்றவருக்கு வரும் இரக்கம் அவர் கண்ணில் தளும்பியது. "உனக்குத்தான் எவ்வளவு ஆசையா இருந்துச்சு. எல்லாம் என்னால."

"பரவாயில்ல. நீ தூங்கு."

வியாழக்கிழமை விடிந்ததும் டோரீன் பான்கேக்கும் மாத்திரையும் கொண்டுவந்து ஊட்டினாள்.

"காத்து திரும்புது வெண்டல். படகைக் கொஞ்சம் தள்ளி நிறுத்தறேன். நீ எந்திரிக்காதே."

"எங்க எந்திரிக்கிறது? முதுகு!"

சங்கிலி கடகடத்தது. இன்ஜின் உறுமியது. வெண்டல் போர்வையை இழுத்து மூடிக்கொண்டார். கனவில் பள்ளிக்கூடப் பேருந்தின் கடைசி இருக்கையில் இருந்தார். டோரீன் ஓட்டிக்கொண்டிருந்தாள். பேருந்து ஏறியது, இறங்கியது, ஒரு பக்கமாகச் சாய்ந்தது. "நிறுத்தத்துல இறங்கணும்" என்று எழுந்து நின்றார். "உக்காரு" என்றாள், உட்கார்ந்துவிட்டார்.

கண் விழித்தபோது மணி பதினொன்று. மேசையிலிருந்த ஆரஞ்சு தானாக உருண்டு போய், யோசித்துவிட்டு, தானாகத் திரும்பி வந்தது. வெண்டல் வட்ட ஜன்னல் வழியாகப் பார்த்தார். ஆமை இல்லை. மறுபக்க ஜன்னலுக்கு ஓடினார். கடற்கரை இல்லை. நான்கு படிகளை ஒரே தாவலில் தாண்டி மேல்தளத்தில் குதித்தார். பாய்கள் கர்ப்பிணிபோல நிறைந்து நின்றன. சுக்கானைப் பிடித்துக்கொண்டு, வெறுங்காலோடு, மீன் வைத்த ரொட்டியைக் கடித்தபடி டோரீன்.

"முதுகு எப்படி இருக்கு?"

"டோரீன்! தீவு எங்க?"

"பழசா, புதுசா? பழசு பின்னாடி. புதுசு மூணு மணிக்கு வந்துடும்."

"நாம எங்க இருக்கோம்?"

"கடல்ல."

வெண்டல் கம்பியைக் கட்டிப்பிடித்துக்கொண்டு பயத்துக்காகக் காத்திருந்தார். நீண்ட நீல அலை ஒன்று வந்து படகைத் தூக்கியது, இறக்கியது, அடுத்ததிடம் ஒப்படைத்தது. பறக்கும் மீன் ஒன்று எதிரே பறந்து போயிற்று. வயிறு கப்சிப். மாத்திரை வேலை செய்தது. கால் மணி நேரத்தில் ஒரு விரலைக் கம்பியிலிருந்து எடுத்தார். அரை மணி நேரத்தில் ஒரு கையை. அந்தக் கையில் டோரீன் ஒரு மீன் ரொட்டியைத் திணித்தாள். அது தீர்ந்ததும் இன்னொன்று கேட்டார்.

"பரவாயில்லையே" என்றார்.

"பரவாயில்லதான்" என்றாள் டோரீன்.

வயிறு நிறைந்ததும் தைரியம் வந்தது. தைரியம் வந்ததும் கடற்கரை நினைவுக்கு வந்தது. மானம் இன்னும் முழுகிவிடவில்லை! ரேடியோ எட்டும் தூரம்தான். வெண்டல் மைக்கை எடுத்துக் குரலைக் கனப்படுத்திக்கொண்டார்.

"ஆமை, ஆமை, அனுமதியிலேர்ந்து கேப்டன் பேசறேன். கிளம்பிட்டேன் ஹார்லன். விடிஞ்சதும் எழுந்தேன். முதுகாவது ஒண்ணாவது! 'டோரீன், பயப்படாம என் பக்கத்துல உக்காரு'ன்னேன். பாயை விரிச்சேன், வந்துட்டேன். நீங்கல்லாம் தூங்கிக்கிட்டிருந்தீங்க. எழுப்ப மனசு வரல. கிளம்பறவங்களுக்குத் துறையே கூடிச் சங்கு ஊதுமே, அதைக் கேக்கத்தான் எனக்குக் கொடுத்து வைக்கல."

ரேடியோ கரகரத்தது. பின்னால் யாரோ பலர் சிரிப்பை அடக்குவதுபோலிருந்தது.

"ஊதினோமே வெண்டல்" என்றார் ஹார்லன். "முந்நூறு படகும் ஊதினோம். மெதுவாத்தான் ஊதினோம். 'ஆள் தூங்குது, எழுப்பிடாதீங்க'ன்னு டோரீன் சொன்னா."