ஒல்லாந்து வெங்காயம் உரும்பிராய்க்கு வந்த விபரம்

உ
சிவமயம்

உரும்பிராய்,
தை மாதம், 1993.

அன்பு மச்சான் தியாகலிங்கத்துக்கு,

நாங்கள் யாவரும் நலம் என்று முதல் வரியில் எழுதுவது முறை, எழுதிவிட்டேன். மிச்சத்தை வாசித்த பிறகு அது எவ்வளவு உண்மை என்று நீரே முடிவு செய்யும். உமது மருமகள், எங்கள் மகள் அருந்ததிக்கு ஆண்பிள்ளை பிறந்து, தாயும் பிள்ளையும் மானிப்பாய் ஆசுப்பத்திரியிலிருந்து வீட்டுக்கு வந்துவிட்டார்கள். உமது அக்கா குணலட்சுமியும் சுகம். எங்கள் வீட்டில் சுகமில்லாமல் கிடப்பது தோட்டம் ஒன்றுதான்.

கிளாலிக் கடல் தாண்டி வந்த ஒரு மனுசியிடம் நீர் ஒல்லாந்திலிருந்து கொடுத்துவிட்ட கடிதமும் வெங்காய விதையும் மார்கழியில் கிடைத்தன. வழியில் சோதனைக்காரர் கேள்வி கேட்கக் கூடாதென்று, விதைப் பெட்டியை எறிந்துவிட்டு வெறும் பிளாஸ்டிக் பையில் போட்டு அனுப்பியிருந்தீர். நல்ல புத்தி. அந்தப் புத்திதான் வினையாய்ப் போனது. கடிதத்தில், பயிர்பச்சை ஏற்றுமதியில் ஒல்லாந்து உலகத்தில் முதல் மூன்று நாடுகளுக்குள் நிற்கிறதென்றும், வெங்காயத்தில் அதுதான் முன்னுக்கென்றும், கால்வாசி நிலம் கடல்மட்டத்துக்குக் கீழே கிடக்கிற அந்த நாடு எங்கள் நாட்டை விடச் சின்னதென்றும் எழுதியிருந்தீர். சரி, சந்தோசம். கடைசியில் ‘எங்கடை நாடு எத்தினையாம் இடம், அத்தான்?’ என்று ஒரு கேள்வி போட்டீர் பாரும், அதுதான் எனக்குச் செமிக்கவில்லை.

அன்று பின்னேரமே விவசாயிகள் சங்கத்தில் உமது கடிதத்தை வாசித்தேன். தேயிலை ஏற்றுமதியில் உலகத்துக்கே நாங்கள்தான் முன்னுக்கு, கறுவாவில் எங்களை அடிக்க ஆளில்லை என்று ஒரு பிடி பிடித்தேன். பக்கத்துத் தோட்டத்துப் பொன்னம்பலம் எழும்பினான். அவன் வாய் உமக்குத் தெரியும்.

“தேயிலை மலையிலை, கறுவா தெற்கிலை. உரும்பிராயிலை என்ன கிடக்கு? அரிசியும் கப்பல்லை வருது, கோதம்பை மாவும் கப்பல்லை வருது, பம்பாய் வெங்காயமும் கப்பல்லை வருது. எங்கடை வெங்காயம் ஆனையிறவைத் தாண்டினாலே அது வெளிநாட்டு ஏற்றுமதிதான்!” என்றான்.

எல்லோரும் சிரித்தார்கள். அவன் சொன்னதில் பொய்யில்லை, மச்சான். முந்தி லொறி லொறியாகக் கொழும்புக்குப் போன சாமான், சண்டையில் பாதை பூட்டின பிறகு, சைக்கிள் கரியரில் சுன்னாகம் சந்தைக்குப் போய், விலைப்படாமல் அதே கரியரில் திரும்பி வருகிறது. மண்ணெண்ணெய் இல்லாமல் தண்ணி மெசின் மூலையில் கிடக்க, நாங்கள் பழையபடி துலா மிதித்துத் தண்ணி இறைக்கிறோம். ஆனாலும் சிரித்தார்களே, அது எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. “இந்தப் போகம் பாருங்கோ, ஒல்லாந்து விதை போட்டு ஒல்லாந்து விளைச்சல் எடுத்துக் காட்டுறன்” என்று சொல்லிவிட்டேன். சொன்னதோடு நின்றேனா? விதைக்கென்று வீட்டுக் கூரை வளையில் கட்டித் தொங்கவிட்டிருந்த வெங்காயப் பிடிகளை எல்லாம் இறக்கி, “உது பழங்காலத்து விதை, நீ கொண்டுபோய் நடு” என்று பொன்னம்பலத்திடமே கொடுத்தேன். அவனும் மறுபேச்சில்லாமல் வாங்கி அந்தக் கிழமையே நட்டுவிட்டான்.

நாங்கள் தலைமுறை தலைமுறையாக வெங்காயத்தை நட்டு வெங்காயம் எடுக்கிற ஆட்கள். வெங்காயத்துக்குப் பொடிசாய், கறுப்பாய் ஒரு விதை உண்டென்பதே உமது கடிதத்தில்தான் எனக்குத் தெரிய வந்தது. அதை ஊருக்கெல்லாம் விளங்கப்படுத்தினேன். வீட்டில் மட்டும் சொல்லவில்லை. உமது அக்காவிடம் பையை நீட்டி, “இஞ்சரும், உம்மடை தம்பி அனுப்பினது, கவனமாய் வையும்” என்றேன். அவ கவனமாக, மிளகு சீரகம் கிடக்கிற சரக்குப் பெட்டிக்குள் வைத்தா.

பொங்கல் முடிந்து, நல்ல நாள் பார்த்து, நாற்றுமேடை போட்டேன். சங்கத்து ஆட்கள் வேலியடியில் வந்து நின்றார்கள், பொன்னம்பலம் முன்னுக்கு.

“இஞ்சரும், அந்த விதையைக் கொண்டு வாரும்” என்று உமது அக்காவைக் கூப்பிட்டேன்.

“என்ன விதை?”

“உம்மடை தம்பி அனுப்பின விதையப்பா!”

“தம்பி எங்கை விதை அனுப்பினவன்? கருஞ்சீரகமெல்லோ அனுப்பினவன்! பிள்ளை பிறக்கப்போற வீடெண்டு யோசிச்சு அனுப்பியிருக்கிறான், தங்கமான பிள்ளை. வறுத்து இடிச்சு, அருந்ததிக்குப் பத்தியக் கறி வைக்கிற சரக்குத்தூளிலை போட்டாச்சு. நீங்களுந்தானே அந்தக் கறியைத் திண்டிட்டு நல்லாயிருக்கெண்டனீங்கள்?”

அது உண்மை. நான் திருப்பியும் வாங்கிச் சாப்பிட்டேன்.

வேலியடியில் பொன்னம்பலம் வாயைத் திறந்தான். “ஒல்லாந்தர் இஞ்சை வந்து நூறு வருசத்துக்கு மேலை எங்கடையைத் திண்டவங்கள். குணலட்சுமியக்கா இண்டைக்குத் திருப்பித் திண்டு போட்டா!” அந்தச் சிரிப்பு காங்கேசன்துறை மட்டும் கேட்டிருக்கும்.

சிரிப்பை நான் தாங்குவேன், மச்சான். வெறுந்தரையைத்தான் பார்க்க முடியவில்லை. கொத்தி, எரு போட்டு, பாத்தி கட்டி முடித்த செம்மண். ஷெல் விழுந்த வருசத்திலும் அது சும்மா கிடந்ததில்லை. விதை வெங்காயம் சந்தையில் மருந்துக்கும் இல்லை. வைத்திருந்தவர்கள் எல்லாம் நட்டுவிட்டார்கள். இந்தப் போகம் தவறினால் பேரப்பிள்ளை வந்திருக்கிற வீட்டில் எதை வைத்து உலை ஏற்றுவது? உமது அக்கா ஒருபக்கம் அழுகிறா. “ஊரெல்லாம் சொன்ன மனிசன் எனக்கொரு சொல்லுச் சொன்னாலென்ன?” என்று கேட்கிறா.

ஆகையால் ஒரு முடிவுக்கு வந்துவிட்டேன். எப்படியாவது என்னை ஒல்லாந்துக்குக் கூப்பிடும். உலகத்துக்கே வெங்காயம் அனுப்புகிற நாட்டில், வெங்காயம் நடவும் கிண்டவும் பிடி கட்டவும் தெரிந்த ஒருவனுக்கு வேலை இல்லாமலா போகும்? தோட்டத்தைப் பொன்னம்பலத்துக்கே குத்தகைக்கு விடுகிறேன். அவன் சிரித்துச் சிரித்துக் கொத்தட்டும். குளிருக்கு ஒரு சட்டை மட்டும் எடுத்து வையும். நீர் கண்டதை விட இப்போது நான் கொஞ்சம் மெலிவு.

எங்கள் பிள்ளையார் உம்மையும் பெண்சாதி பிள்ளைகளையும் அந்தப் பனிக்குள் நோய்நொடி அண்டாமல் பார்த்துக்கொள்வார். ஊரில் எல்லோரும் உம்மை விசாரித்தார்கள். பொன்னம்பலமும் விசாரித்தான், அவன் விசாரித்த விதத்தை எழுத முடியாது.

இப்படிக்கு,
உமது அத்தான்,
தம்பிஐயா

பி.கு.: கடிதத்தை ஒட்டப் போகிற நேரம் வாசல் படலை திறக்கிற சத்தம் கேட்டது. பொன்னம்பலம் வந்து நிற்கிறான். சைக்கிள் நிறைய வெங்காயப் பிடிகள். முளைக்காத இடத்துக்கு வைக்கவென்று வீடுகளில் ஒதுக்கி வைத்திருந்த விதை. கட்டியிருக்கிற விதத்தைப் பார்த்தாலே எது ஆர் வீட்டுப் பிடியென்று எனக்குத் தெரியும். அன்றைக்குச் சிரித்த வீடெல்லாம் ஒவ்வொரு பிடி தந்திருக்கிறது. “ஊருக்குள்ளை ஒரு தரை வெறுமையாய்க் கிடக்கக் கூடாது. நட்டுப்போட்டு, விளைஞ்சாப் பிறகு விதையாய்த் திருப்பித் தா” என்றான். பகிடி ஒன்றும் விடவில்லை. எனக்குக் கண் கலங்கிவிட்டது. வெங்காய நெடி என்று சொல்லிச் சமாளித்தேன்.

நாளைக்கு விடிய நடுகை. ஆகவே ஒல்லாந்துக்குக் கூப்பிடச் சொன்னதை வாசிக்காத மாதிரி விட்டுவிடும், சட்டையும் வேண்டாம். எங்கள் நாட்டை நீர் எத்தனையாம் இடத்தில் வேண்டுமானாலும் வைத்துக்கொள்ளும். விதையில்லாமல் நிற்கிற கமக்காரனுக்கு உங்கே ஆர் கொடுக்கிறார்கள் என்று மட்டும் விசாரித்து எழுதும். இங்கே நான் கேட்கக்கூட இல்லை, மச்சான்.