டிவி மேளமும் என் மிருதங்கமும்

அந்த கேம் பெட்டியைப் பரணில் ஏற்றாமல் ஓய்வதில்லை என்று பிள்ளையார் சதுர்த்திக்கு முந்தின வாரம் முடிவெடுத்தேன்.

பெட்டி என் மனைவி சரளாவுடையது. டிவியில் கலர் கலராக வட்டங்கள் இறங்கி வரும். அவை கோட்டைத் தொடும் நொடியில் பிளாஸ்டிக் மேளத்தைத் தட்ட வேண்டும். தப்பு அதிகமானால் பாட்டு நின்றுவிடும். ஆபீஸிலிருந்து வந்ததும் சரளா தட்ட உட்காருவாள். அவளுக்குப் பாட்டு நின்று நான் பார்த்ததில்லை.

நானோ நிஜ மிருதங்கம் கற்றுக்கொள்கிறவன். பெங்களூரில் நாங்கள் குடியிருக்கும் மல்லேஸ்வரத்திலேயே, சாமிநாதன் சாரிடம், ஞாயிறுதோறும் வகுப்பு. ஒரே வீட்டில் அசலும் போலியும் இருக்கலாமா? உன்னுடையது வாத்தியமே இல்லை, வட்டத்தைத் துரத்துகிற வேலை என்றேன். சரளா கோபப்படவில்லை. உங்கள் வாத்தியத்தில் எல்லாம் இருக்கிறது, தப்பினால் நிறுத்துகிற வசதிதான் இல்லை என்றாள்.

விடுவேனா? எங்கள் அபார்ட்மெண்ட் பூஜையில் மாடிவீட்டு சௌம்யா பாட, நான் வாசிப்பேன்; கச்சேரி நன்றாக அமைந்தால் பெட்டி பரணுக்கு என்றேன். சரளா உடனே சம்மதித்தாள். அப்போதே நான் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

பூஜையன்று முதல் பாட்டு. கை நன்றாகத்தான் பேசியது. போகப் போக வேகமாகப் பேசியது. சௌம்யா பல்லவியில் இருந்தாள். நான் சரணத்தைத் தாண்டிக்கொண்டிருந்தேன். அவள் பாடிக்கொண்டே என்னை முறைத்தாள். பின்வரிசையிலிருந்து யாரோ கன்னடத்தில், "நிதானா ஸார், நிதானா" என்றார். முன்வரிசையில் சாமிநாதன் சார் கண்ணை மூடிக்கொண்டார். ரசிக்கிறார் என்று நினைக்க ஆசைதான். இழுத்துப் பிடிக்கப் பிடிக்கக் கை ஓடியது. மிருதங்கத்தை அப்படியே போட்டுவிட்டு நானும் ஓடிவிடலாமா என்றிருந்தது.

அப்போதுதான் சாருக்குப் பக்கத்து நாற்காலியில் சரளாவைப் பார்த்தேன். தொடையில் தட்டிக்கொண்டிருந்தாள். அந்தக் கை ஓடவும் இல்லை, தேங்கவும் இல்லை. என்னைப் பார், என்பதுபோல் தலையை லேசாக அசைத்தாள். கல்யாணமானதிலிருந்து அவள் போட்ட தாளத்துக்கு ஆடித்தான் பழக்கம். அன்று அடித்தேன். சௌம்யாவின் முகம் மெல்லத் தெளிந்தது. பாட்டு முடிந்தபோது ஹாலே கைதட்டியது. எனக்குப் போன உயிர் திரும்பி வந்தது.

கச்சேரி முடிந்து நான் மேடையை விட்டு இறங்கியதும் சரளா கேட்டாள்: "நீங்கதான் ஜெயிச்சீங்க. பெட்டியை எப்ப ஏத்தறீங்க?"

"அது பாட்டுக்கு வீட்டு ஹால்லயே இருக்கட்டும்."

"ஏன், போலிதானே?"

"இருக்கட்டும்னா விடேன்."

அவள் சிரிக்கவில்லை. என் விரலில் வருகிற நாதம் தன் பிளாஸ்டிக்கில் ஜென்மத்துக்கும் வராது என்று நிஜமாகவே சொன்னாள். மனசு குளிர்ந்துபோயிற்று.

அதற்குள் சாமிநாதன் சார் வந்தார். பிற்பாதியில் தாளம் மலை மாதிரி நின்றது என்றார். நான் குனிந்து கும்பிட்டேன். நிமிர்ந்தபோது அவர் என்னைத் தாண்டிப் போய் சரளாவிடம் பேசிக்கொண்டிருந்தார்.

"ஞாயித்துக்கிழமை கிளாஸுக்கு நீங்க வந்துடுங்கம்மா. இவரும் வேணும்னா கூட வரட்டும்."