என் தம்ளர் தண்ணீர்

அன்புள்ள அக்காவுக்கு,

உன் காலைப் பிடித்துக் கேட்கிறேன், இந்தக் கடிதத்தை யாரிடமும் காட்டாதே. உன் அறைத்தோழியிடம்கூட. படித்ததும் கிழித்துப் போட்டுவிடு. நீ நலமா, விடுதிச் சாப்பாடு ஒத்துக்கொள்கிறதா என்றெல்லாம் முறைப்படி கேட்க வேண்டும், கேட்டதாக வைத்துக்கொள். இங்கே என்னைத் தவிர எல்லோரும் நலம்.

என் கட்டிலுக்கு அடியில் அம்மாவின் பெரிய எவர்சில்வர் பாத்திரம் இருக்கிறது. அதற்குள் சோப்பு. சோப்புக்குள் மரக்கரண்டி, காவல்காரன் மாதிரி விறைப்பாக நிற்கிறது. கரண்டியைத் தூக்கினால் பாத்திரமும் கூடவே வருகிறது.

நீ வேலைக்குப் போன பிறகு இங்கே யாரும் சோப்பு செய்யவில்லை. "சும்மா கிடந்து தூசி தின்னுது. தையல்காரம்மா சோப்பு அச்சைக் கேட்டாங்க, சனிக்கிழமை எல்லாத்தையும் கொடுத்திடறேன்" என்றாள் அம்மா. சமையலறை ஜன்னலைத் திறந்துவைத்து, கண்ணாடியும் கையுறையுமாக நீ கிளற, நான் எட்டிப் பார்க்க, "கிட்ட வராதே, கொசு!" என்று நீ கத்த, அந்த ஞாயிற்றுக்கிழமைகள் எல்லாம் அச்சோடு அச்சாகப் போய்விடுமே! ஒரு தடவை நானே செய்து காட்டினால் அம்மா மனம் மாறிவிடுவாள் என்று, அவள் வெளியே போன நேரம் பார்த்து இறங்கிவிட்டேன்.

நீ கரைத்துவைத்த காஸ்டிக் சோடா டப்பா மேல்தட்டில் அப்படியே இருந்தது. சோடா எவ்வளவோ அவ்வளவே தண்ணீர் என்று கெட்டியாகக் கரைப்பாயே, அதுதான். கண்ணாடி போட்டேன், கையுறை போட்டேன், எண்ணெயையும் கரைசலையும் உன் கணக்குப்படியே நிறுத்தேன். ஒன்றை மட்டும் விட்டேன். நினைவிருக்கிறதா, கரைசலுக்கு முன்னால் எண்ணெயில் ஒரு தம்ளர் தண்ணீர் ஊற்றுவது என் வேலை. "உன் தம்ளர் இல்லாம சோப்பே கிடையாதுடி" என்பாய். நான் அழாமல் இருக்க நீ கண்டுபிடித்த பொய் வேலை என்றே இத்தனை நாளும் நினைத்திருந்தேன். இப்போதுதான் நான் பெரியவளாயிற்றே, அந்த விளையாட்டெல்லாம் எதற்கு என்று விட்டுவிட்டேன். நாலு கிளறு கிளறவில்லை, இறுக ஆரம்பித்தது. அச்சை எடுக்கத் திரும்புவதற்குள் சுவராகிவிட்டது.

அக்கா, அது நிஜ வேலையா? நிஜமாகவே என் தம்ளர் தேவைப்பட்டதா? இதற்குச் சந்தோஷப்படுவதா அழுவதா என்று தெரியவில்லை. இப்போது ஊற்றினால் இளகுமா? அம்மா பாத்திரத்தைத் தேட ஆரம்பித்துவிட்டாள். உடனே பதில் போடு. ஐயோ, யாரோ கதவைத் தட்

பி.கு.: அம்மா எழுதுகிறேன். தட்டியது நான்தான். முழுசாகப் படித்துவிட்டேன், நீ தாராளமாக உன் தோழிக்கும் காட்டு. என் சமையலறையில் ஒரு பாத்திரம் குறைந்தால் எனக்குத் தெரியாதா? சாயங்காலமே கட்டிலுக்கடியில் பார்த்தாகிவிட்டது. தேடுகிற மாதிரி நடித்தேன், தானாகச் சொல்லுவாள் என்று. ராத்திரியோடு ராத்திரியாக, கையுறையோடு துருவி, விட்டுப்போன தண்ணீரை ஊற்றி, சின்னத் தீயில் இளக்கி அச்சில் கொட்டிவிட்டோம். தம்ளரை அவள்தான் பிடித்தாள். என்னைத் தொடவிடவில்லை.

தையல்காரம்மா அச்சைக் கேட்கவே இல்லை. கொடுத்துவிடுவேன் என்றால்தான் உங்களில் யாராவது கையில் எடுப்பீர்கள் என்று சொல்லிவைத்தேன். சோப்பு பார்க்கச் சகிக்கவில்லை. மரக்கரண்டியில் ஒட்டியதை மட்டும் துருவாமல் வைத்திருக்கிறோம். அதை நீ வந்து எடு.