நான்கு டயரும் இரண்டு முழங்காலும்

மதிப்புக்குரிய மாப்பிள்ளைக்கு,

உங்கள் மைத்துனன் எழுதிக்கொள்வது. இவ்விடம் என் இரண்டு முழங்கால்கள் நீங்கலாக அனைவரும் நலம். அவ்விடம் நீங்களும் என் தங்கையும், உங்களைத் தன்னோடு அழைத்துக்கொண்டு போன மகனும் சுகமாக இருப்பீர்கள் என நம்புகிறேன்.

நிற்க. மணல்மேட்டில் ஏற்றி இறக்கி விளையாட நாம் இருவரும் சேர்ந்து வாங்கினோமே, இரண்டு சீட்டு உள்ள அந்தக் குட்டை வண்டி, அதை விற்றுவிடலாம் என்று முடிவு செய்திருக்கிறேன். நீங்கள் போய் ஏழு மாதமாகிறது. அதுவும் அன்றிலிருந்து கொட்டகையை விட்டு வெளியே வரவில்லை. ஞாயிற்றுக்கிழமை ஒருவர் பார்க்க வருகிறார். மொட்டை டயரோடு காட்டினால் நம் மானம் போகுமே என்று நாலும் புதிதாக வாங்கினேன். டயர் கடைக்காரர், "சார், எங்க மிஷின்ல கார் சக்கரம்தான் மாட்டலாம், இந்தக் குட்டிச்சாத்தானை நீங்களே வீட்டுல வெச்சுப் பாத்துக்கோங்க"ன்னு கையெடுத்துக் கும்பிட்டுட்டார்.

நாற்பது வருஷம் தையல் மிஷின் மிதிச்சவன், பெரிய தலைக்காரங்களுக்கெல்லாம் சின்னக் கழுத்துச் சட்டையை மாட்டிவிட்டவன், எனக்கு இது ஒரு வேலையான்னு உட்கார்ந்தேன் மாப்பிள்ளை. டயரா அது? முறைச்சுக்கிட்டு நிக்குது. சோப்புத் தண்ணி தடவி, ரெண்டு கம்பியைக் கொடுத்து நெம்பி, இந்தப் பக்கத்தை ரிம்முக்குள்ள தள்ளினா, அந்தப் பக்கம் 'இதோ வந்துட்டேன்'னு வெளியே எட்டிப் பார்க்குது. அந்தப் பக்கத்தை அழுத்திப் பிடிக்க எப்பவும் உங்க முழங்கால்தானே இருக்கும்! சரின்னு என் வீட்டுக்காரி ஏறி நின்னா. கம்பி எகிறி, வாளி கவிழ்ந்து, நான் வழுக்கி, டயர் உருண்டு தெருவைத் தாண்டி எதிர்வீட்டுப் பல் டாக்டர் வாசல்ல போய் நின்னுச்சு. அவரே அதைக் கூட்டிக்கிட்டு வந்தார். கையுறையெல்லாம் போட்டுக்கிட்டு, "கொஞ்சம் அழுத்தும், வலிக்காது"ன்னு டயர்கிட்டயே சொன்னார். வலிச்சது அவருக்குத்தான். கட்டைவிரல் வீங்கி, அன்னைக்கு ஊர்ல ஒருத்தர் பல்லும் பிடுங்கப்படலை.

மூணு நாள், மாப்பிள்ளை! ஒருவழியா உள்ளே போச்சுன்னு காத்தடிச்சா, சுத்தியும் புஸ்ஸுன்னு போகுது. நீங்க செய்யுற மாதிரியே பெட்டி கட்டுற பெல்ட்டை டயர் நடுவுல சுத்தி இறுக்கினேன். விளிம்பு விரிஞ்சு ரிம்மோட ஒட்டிச்சு. மறுபடி அடிச்சேன். 'டப்'னு ஒண்ணு, 'டப்'னு இன்னொண்ணு, ரெண்டு பக்கமும் உட்கார்ந்துடுச்சு. அந்தச் சத்தம் கேட்டதும் நீங்க சுவத்துக்குப் பின்னால ஓடிப்போய், தலையை மட்டும் நீட்டி, "பயந்து ஓடலை மச்சான், தண்ணி குடிக்கப் போனேன்"ம்பீங்களே. நாலு டயருக்கும் நாலு தடவை அந்தச் சுவத்தைத் திரும்பிப் பார்த்தேன். வெறும் சுவரு. தங்கச்சிகிட்ட சொல்லிடாதீங்க, கூடப் பிறந்தவ ஊரை விட்டுப் போனதுகூட எனக்கு இவ்வளவு உறைக்கலை.

ஆகவே, வண்டியை விற்பதற்கு உங்கள் சம்மதத்தை உடனே தெரிவிக்கவும். மகனுக்கும் மருமகளுக்கும் என் ஆசிகள். தங்கையை வேளைக்கு மாத்திரை சாப்பிடச் சொல்லவும்.

இப்படிக்கு,
தங்கள் அன்பு மைத்துனன்

பி.கு.: இதை ஒட்டி அனுப்புறதுக்குள்ள ஞாயித்துக்கிழமையும் வந்துடுச்சு, அந்த மனுஷரும் வந்துட்டார். வண்டி அவருக்கு ரொம்பப் பிடிச்சுப்போச்சு. "பிரேக் சரியில்லை"ன்னேன். "மாத்திக்கிறேன்"னார். "சத்தம் காதைப் பிளக்கும்"னேன். "பழகிக்கிறேன்"னார். எனக்கு வேற வழி தெரியலை. "பக்கத்து சீட்டு என் மாப்பிள்ளையோடது. அவர் இன்னும் இறங்கலை"ன்னுட்டேன். வந்தவர் அந்தக் காலி சீட்டைப் பார்த்தார். அப்புறம் அதுக்கும் ஒரு வணக்கம் வெச்சுட்டுப் போயிட்டார்.