நேரலையில் நான் ஆற்றிய வீர உரை

கெட்ட நாடகம் பார்த்துக் கெட்டுப்போனவர்களைவிட நல்ல நாடகம் பார்த்துக் கெட்டுப்போனவர்கள்தான் அதிகம் என்பது என் கட்சி. மாமியார் பாலில் விஷம் கலப்பதை டிவியில் பார்த்துவிட்டு யாரும் எழுந்துபோய்க் கலப்பதில்லை (கலக்கத் தோன்றினாலும்). அது நாடகம் என்று நமக்குத் தெரியும். நல்ல நாடகம் அப்படி இல்லை. "நீயும் இப்படி இருக்கலாமே?" என்று நம்மைப் பார்த்துக் கேட்கும். நான் இருக்கப் பார்த்தேன்.

அப்போது கொடைக்கானலில் உள்ளூர் கேபிள் டிவி ஒன்றுக்கு நான் நிருபர். நிருபர்களில் ஒருத்தி இல்லை, இருந்ததே நான் ஒருத்திதான். சாக்லேட் கடைக்கு மேலே ஓர் அறை, அதுதான் அலுவலகம். கேமராவுக்கு மணி என்றொரு பையன். என்னைவிட நாலைந்து வயது இளையவன், என்னைவிடப் பல மடங்கு விவரமானவன். "இன்று கடும் பனிமூட்டம்", "இன்று பனிமூட்டம் இல்லை", "சுற்றுலாப் பயணிகள் மகிழ்ச்சி". இவைதான் என் செய்திகள். பனி இருந்தாலும் இல்லாவிட்டாலும் அவர்கள் மகிழ்ந்தாக வேண்டும். எங்கள் எம்.டி. சாரின் உத்தரவு அது. அவருக்கு இரண்டு லாட்ஜ் இருந்தது.

அந்தச் சமயத்தில்தான் சென்னையின் பெரிய சேனல் ஒன்றில் பத்திரிகைத் தொழிலைப் பற்றி அந்தத் தொடர் வந்தது. கதாநாயகன் பெயர் அறவாழி. ஒரு செய்தி சேனலின் ஆசிரியர். அவர் உட்கார்ந்து நான் பார்த்ததே இல்லை. நின்றபடியே ஒரு கையில் காப்பியும் மறு கையில் நியாயமுமாகப் பேசுவார். முதலாளி மிரட்டுவார், மந்திரி மிரட்டுவார், அறவாழி ஜன்னல் பக்கம் திரும்பி, "உண்மைக்கு விடுமுறை கிடையாது!" என்பார். வயலின் வாசிப்பார்கள். அவரிடம் வேலை பார்க்கும் நிருபர் யாழினி கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி மாட்டிக்கொண்டு, யாரும் கேட்கத் துணியாத கேள்வியைக் கேட்டுவிட்டு வருவாள்.

எனக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது. யாழினி போட்டிருந்த மாதிரியே கறுப்பு ஃப்ரேமில் ஒரு கண்ணாடி வாங்கினேன். எனக்குக் கண்ணில் ஒரு குறையும் கிடையாது. பவர் இல்லாத கண்ணாடி கேட்டபோது, "எதுக்குங்க?" என்றார் கடைக்காரர். "தொழிலுக்கு" என்றேன். (வெல்டிங் தொழில் என்று நினைத்திருப்பார்.)

என் மாமியாரும் அந்தத் தொடரைத் தவறவிட மாட்டார். அவர் பார்த்தது வேறு காரணத்துக்காக.

"ஏம்மா செல்வி, நீயும் அந்தப் பொண்ணும் ஒரே சோலிதான பாக்குறீக?"

"ஆமா அத்தை."

"அவ மந்திரியவே நிக்க வச்சுக் கேள்வி கேக்குறா. மலர்க் கண்காட்சிக்கு மந்திரி வந்தாரே, நீ என்ன கேட்ட?"

எங்கள் ஊர்க் குளிர் பிடித்திருக்கிறதா என்று கேட்டிருந்தேன். அவர் பிடித்திருக்கிறது என்றார். அதுதான் அன்றைய தலைப்புச் செய்தி.

இப்படி இருந்தபோது ஒருநாள் எம்.டி. சார் என்னைக் கூப்பிட்டார். அந்தத் தொடர் பெரிய வெற்றி பெற்றதால், ஊர் ஊராகப் போய் ரசிகர்களிடம் கருத்துக் கேட்டு நேரலையாக ஒளிபரப்புகிறார்களாம். கொடைக்கானலுக்கு அறவாழியே நேரில் வருகிறாராம். கருத்துச் சொல்ல ஆள் பிடித்துக் கொடுப்பது எங்கள் பொறுப்பு.

"நல்லதா நாலு வார்த்தை சொல்ற ஆளாப் பாத்துப் புடிம்மா. வெளங்காத கேஸெல்லாம் கூட்டிட்டு வந்துறாத. நம்ம சகலைதான் ஸ்பான்சர்."

அவருடைய சகலை வில்பட்டிப் பக்கம் புதிதாக ஒரு ரிசார்ட் கட்டியிருந்தார். நீச்சல் குளத்துக்குப் பக்கத்தில் இன்னொரு நீச்சல் குளம் உள்ள ரிசார்ட்.

நானும் மணியும் ஆள் பிடிக்கக் கிளம்பினோம். ஒரு தொடரை ஒரு ஊர் எத்தனை விதமாகப் பார்க்கும் என்பது அன்றுதான் எனக்குத் தெரிந்தது. "யாழினி சேலையெல்லாம் சூப்பர், ஆனா ப்ளவுஸ் மேட்ச் ஆகல" என்றார் தையல்கடை அக்கா. "அந்த எடிட்டரு எப்பத்தான் வேலை பாப்பாரு? பேசிக்கிட்டேல்ல இருக்காரு" என்றார் டாக்ஸி ஸ்டாண்டில் ஒருவர். ஓய்வுபெற்ற தமிழாசிரியர், தொடரில் ஒற்றுப்பிழை மலிந்துவிட்டது என்று வருத்தப்பட்டார். "அந்தப் பிள்ளைய யாருக்குக் கட்டிக் குடுக்கப் போறாக?" என்று கேட்டவர்கள்தான் பாதிக்கு மேல். பத்திரிகை தர்மத்தைப் பற்றி ஒருவரும் வாய் திறக்கவில்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இப்படிப்பட்ட ஜனங்களுக்காகவா அறவாழி சார் உட்காராமல் உழைக்கிறார்?

வில்பட்டியில்தான் பாண்டியம்மாவைப் பார்த்தேன். கேரட் தோட்டத்தில் களை எடுத்துக்கொண்டிருந்தார். கேரட் என்று பெயர்தான்; இலையெல்லாம் மஞ்சளாகச் சாய்ந்து கிடந்தது.

"நாடகம் பாப்பீங்களாம்மா?"

"பாக்காம? அந்த அறவாழி நல்ல மனுசன். ஏழை எளியவுகளுக்காகப் பேசுறாரு. அவரு மட்டும் நம்ம ஊரு டிவியில இருந்தார்னா, இந்தத் தோட்டம் இப்படிக் கெடக்குமா?"

"ஏன், என்ன ஆச்சு?"

"மேல ஓடையில குழாயப் போட்டு அந்த ரிசார்ட்டுக்காரன் தண்ணி பூராத்தையும் இழுத்துக்கிட்டான். போய்க் கேட்டா பட்டா இருக்குங்கிறான். ஓடைக்கு ஏதும்மா பட்டா? உங்க டிவிக்கு ரெண்டு தடவை வந்து சொன்னோமே. ஒருத்தரும் எட்டிப் பாக்கல."

வந்து சொன்னது எனக்குத் தெரியும். எம்.டி. சார் அவர்களுக்கு டீ வாங்கிக் கொடுத்து அனுப்பியதும் தெரியும்.

"நாடகத்துல அந்தப் பொண்ணு இப்படித்தான் ஊருக்குள்ள வந்து விசாரிக்கும்" என்று பாண்டியம்மா என் கண்ணாடியையே பார்த்தார். "நீயும் அது மாதிரிதானம்மா?"

கேட்டிருக்கக் கூடாத கேள்வி. என் காதில் வயலின் கேட்க ஆரம்பித்துவிட்டது. கண்ணாடியைக் கழற்றினேன், துப்பட்டாவில் துடைத்தேன், மாட்டினேன். "நிகழ்ச்சிக்கு வாங்க. அறவாழி சார் முன்னாடியே சொல்லுங்க. நான் இருக்கேன்" என்றேன்.

திரும்பி வரும்போது மணி வண்டியை ஓட்டிக்கொண்டே சொன்னான்: "அக்கா, இது வேண்டாம். ஸ்பான்சரே அந்தாளு."

"உண்மைக்கு விடுமுறை கிடையாது மணி."

"நமக்குத்தான் மொத்தமா லீவு குடுத்துருவாங்கக்கா."

நிகழ்ச்சியன்று மண்டபத்தில் கால் வைக்க இடமில்லை. சென்னையிலிருந்து வந்த தொகுப்பாளினி மலைப்பாதை வளைவுகளில் வாந்தியெடுத்து அறையில் படுத்துவிட்டதால், மைக் என் கைக்கு வந்தது. விதியே என்னை அழைப்பதாக எடுத்துக்கொண்டேன். ஹெட்போன் மாட்டிய இயக்குநர், கேமராவில் சிவப்பு விளக்கு எரியும்போது மட்டும் பேச வேண்டும் என்றார். பார்த்துப் படிக்க ஒரு அட்டையையும் கொடுத்தார்.

அறவாழி வந்தார். காது வரை மஃப்ளர். நான் போய், "சார், நீங்கதான் என்னோட இன்ஸ்பிரேஷன்" என்றேன். "இங்க ஹீட்டர் இருக்கா?" என்றார். பிறகு என்னை ஏற இறங்கப் பார்த்து, "எனக்கு யாரு டயலாக் குடுப்பா?" என்று கேட்டார். அவர் தன்னடக்கத்தோடு பேசுவதாக நினைத்து மெய்சிலிர்த்தேன். (என்னைத் திட்ட வேண்டும் என்று தோன்றினால் இந்த இடத்தில் திட்டிக்கொள்ளலாம்.)

நேரலை ஆரம்பித்தது. தையல்கடை அக்கா ப்ளவுஸைப் பற்றிப் பேசினார். தமிழாசிரியர் ஒற்றுப்பிழைகளைப் பற்றிப் பேசினார். அதன் பிறகு நான் நேராகப் போய்ப் பாண்டியம்மாவிடம் மைக்கை நீட்டினேன்.

பாண்டியம்மா எழுந்து கும்பிட்டார். "ஐயா, நீங்கதான் நியாயமான ஆளு. எங்க ஊரு ஓடைத் தண்ணியப் பூராம் ஒருத்தன் உறிஞ்சுறான். தோட்டம் காஞ்சு போச்சு. நீங்கதான் ஐயா கேக்கணும்."

அறவாழி விழித்தார். இயக்குநரைப் பார்த்தார். இயக்குநர் கையை விரித்தார். கைவசம் இருந்தது ஒரே வசனம். எழுந்தார், ஜன்னல் பக்கம் திரும்பினார். "உண்மைக்கு விடுமுறை கிடையாது!"

மண்டபம் அதிர்ந்தது. விசில். பாண்டியம்மா கண்ணைத் துடைத்துக்கொண்டு உட்கார்ந்தார். அவரைப் பொறுத்தவரை தண்ணீர் வந்தாயிற்று.

இதுதான் என் நேரம் என்று எனக்குப் பட்டது. முன்வரிசையில் இருந்த எம்.டி. சார் இயக்குநரைப் பார்த்து விரலால் கத்தரிப்பது போல் காட்டியதை நான் கவனிக்கவில்லை. என்னால் எதையும் கவனித்திருக்கவும் முடியாது. வெளிக்குளிரும் மண்டபச் சூடும் சேர்ந்து என் கண்ணாடி முழுக்க ஆவி. கேமரா இருந்த திசையைக் குத்துமதிப்பாகப் பார்த்துப் பேசினேன்.

என்ன பேச்சு! ஓடை யாருடையது என்று கேட்டேன். எந்த ரிசார்ட், யாருடைய சகலை என்று பெயரோடு சொன்னேன். இந்தச் செய்தியை மறைத்த டிவி எது என்றும் சொல்லிவிட்டு, "அந்த டிவியில் வேலை பார்ப்பதற்காக வெட்கப்படுகிறேன்" என்றேன். மண்டபத்தில் எல்லோரும் செல்போனைத் தூக்கிப் பிடித்திருந்தது மங்கலாகத் தெரிந்தது. நாளைக்கு நாடே பார்க்கும் என்று நினைத்தபோது குரல் தழுதழுத்தது.

முடித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றினேன். அறவாழி டீ குடித்துக்கொண்டிருந்தார். அத்தனை செல்போனும் அவர் டீ குடிப்பதைத்தான் படம் பிடித்துக்கொண்டிருந்தன. (அதில் ஒரு வீடியோ இன்றும் சுற்றிக்கொண்டிருக்கிறது. ஓரத்தில் என் முழங்கை தெரியும்.)

மணி ஓடிவந்து காதில் சொன்னான்: "அக்கா, நீங்க வாயத் திறந்ததுமே விளம்பர ப்ரேக் போட்டுட்டாங்க."

அவன் சொல்லி முடிக்கவும் சிவப்பு விளக்கு எரிந்தது. இப்போது நிஜமாகவே நாடு பார்க்கிறது. கண்ணாடியும் இல்லை, ஆவியும் இல்லை. விளக்கு பளிச்சென்று தெரிந்தது. மைக் கையில் இருந்தது. சொன்னதை மறுபடி சொல்ல ஒரு நிமிடம்கூட ஆகாது. யாழினியாக இருந்தால் சொல்லியிருப்பாள். யாழினிக்கு யாரோ எழுதிக் கொடுத்திருந்தார்கள். எனக்கு எழுதிக் கொடுக்கப்பட்டிருந்தது கையிலிருந்த அட்டை மட்டும். இயக்குநர் அதைக் காட்டினார். எம்.டி. சார் என்னையே பார்த்தார். படித்தேன்.

"மீண்டும் வரவேற்கிறோம். இந்த நிகழ்ச்சியை உங்களுக்கு வழங்குவது..." என்று அந்த ரிசார்ட்டின் பெயரைச் சொல்லி, "மலையின் மடியில் ஒரு மாளிகை. எந்நேரமும் வெந்நீர்!" என்று முடித்தேன். சிரித்தபடி வேறு. சிரிக்கவும் என்று அட்டையில் போட்டிருந்தது.

மறுநாள் எனக்கு வேலை போயிற்று. எம்.டி. சார் என் வீர உரையைத்தான் நேரில் கேட்டாரே. தமிழ்நாடு பார்த்தது விளம்பரத்தை. உண்மையைச் சொன்னதற்கு வேலையும் போய், பொய்யைச் சொன்னதற்கு மானமும் போனவள் இந்த மலையில் நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன். தொடரில் யாழினி ராஜினாமா செய்தபோது அலுவலகமே எழுந்து நின்று கைதட்டியது. இங்கே எம்.டி. சார், "ஐடி கார்டையும் டிவி குடையையும் வச்சுட்டுப் போம்மா" என்றார். மணி எழுந்து நின்றான். கீழே மழை பெய்ததால், என்னை வண்டியில் கொண்டுபோய் விடுவதற்காக.

கொஞ்ச நாள் கழித்துத் தாசில்தார் அலுவலகத்துக்கு ஒரு மனு எழுதி எடுத்துக்கொண்டு வில்பட்டிக்குப் போனேன். கையெழுத்துப் போட ஒருவரும் வரவில்லை. "அதான் டிவியில நீயே அந்த ரிசார்ட்ட நல்லாருக்குன்னு சொல்லிட்டியே" என்று ஒரு பெரியவர் கதவைச் சாத்திக்கொண்டார். பாண்டியம்மா மட்டும் கைநாட்டு வைத்தார். மனு இன்னும் தாசில்தார் ஆபீஸில்தான் இருக்கிறது.

இப்போது நான் ஒரு பள்ளிக்கூட அலுவலகத்தில் டைப் அடிக்கிறேன். போன மாதம் மூஞ்சிக்கல் பஸ் ஸ்டாப்பில் பாண்டியம்மாவைப் பார்த்தேன். பச்சை யூனிஃபார்ம் சேலை கட்டியிருந்தார். தோட்டத்தைக் கொடுத்துவிட்டு, அதே ரிசார்ட்டில் ரூம் கூட்டப் போகிறாராம்.

"சிரமமா இருக்காம்மா?" என்றேன்.

"என்ன சிரமம்? வெள்ளனே போகணும், அம்புட்டுத்தான். அங்க தண்ணி நல்லா வருதும்மா."

அவர் குத்திக்காட்டவில்லை. நிஜமாகத்தான் சொன்னார். பஸ் வந்ததும் கையசைத்துவிட்டு ஏறிக்கொண்டார்.

கொதிப்போடு வீட்டுக்கு வந்தேன். செருப்பைக்கூடக் கழற்றாமல், "என்னங்க, இந்த ஊருல நியாயம்னு ஒண்ணு இருக்கா?" என்று ஆரம்பித்தேன். எங்கள் வீட்டில் நான் எப்போது குரலை உயர்த்தினாலும் எனக்கு ஒரு பட்டப்பெயர் தயாராக இருக்கும். கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்கள்கூட அதைச் சொல்லித்தான் என்னைக் கூப்பிடுகிறார்கள். என் கணவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்காமலே உள்ளே பார்த்துக் குரல் கொடுத்தார்:

"அம்மா, எந்நேரமும் வெந்நீர் வந்தாச்சு!"

என் மகள் விழுந்து விழுந்து சிரித்தாள். மாமியார் புரையேறும் அளவுக்குச் சிரித்தார். என்ன நடந்தது என்று யாரும் கேட்கவில்லை. நானும் கூடச் சேர்ந்து சிரித்துவிட்டு, அரிசி களையப் போனேன்.